எத்தனை ஆயிரம் ஓடும்?

காரைக்குடியில் டயர் கடைக்குள் நுழைகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான்: "எத்தனை ஆயிரம் ஓடும்?" ஐம்பதாயிரம் கிலோமீட்டர் என்று கடைக்காரர் சொன்னால் வாங்குபவர் முகம் மலரும். முப்பதாயிரம் என்றால் அந்த டயரை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் கேட்டு வந்தேன். இது தவறான கேள்வி என்று இப்போது கருதுகிறேன். சிறிய உடலுக்குள் பெரிய வேகத்தை வைத்திருக்கும் கார்களைப் பொறுத்தவரை ஆபத்தான கேள்வியும் கூட.

கம்பனும் சங்கப் பாட்டும் பேசப்படும் இப்பக்கத்தில் டயருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். என்னிடம் தமிழ் படித்து, இன்று சொந்தத் தொழில் நடத்தும் மாணவர் ஒருவர் ஹூண்டாய் ஐ20 என் லைன் வைத்திருக்கிறார். டயர் மாற்ற வேண்டிய காலம் வந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, நம்ம ஊர்ல இந்தப் பைத்தியம் உங்களுக்குத்தான் இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார். தொலைபேசியில் சொல்லி முடியாத விடை இது.

'ஹாட் ஹேட்ச்' என்று ஒரு கார் வகை உண்டு. குடும்பத்துக்கான சின்னக் காரில் வலுவான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தி விற்பது. 1976இல் விற்பனைக்கு வந்த வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது. நான் வைத்திருப்பது பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், டர்போ, 105 குதிரைத்திறன். மேலைநாட்டு ரசிகர்கள் இதைச் சூடான கார் என்று ஒப்பமாட்டார்கள், வெதுவெதுப்பு என்பார்கள். தமிழாசிரியனுக்கு வெதுவெதுப்பே போதும். போலோ 2022இல் இந்தியாவில் நின்றுபோயிற்று. மாணவரின் காரில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன். வேகத்தின் மீது ஆசை நம் மண்ணுக்குப் புதிதுமன்று. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்துச் சாலையில் வண்டிப் பந்தயம் விடும் சீமை இது.

எத்தனை ஆயிரம் ஓடும் என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். செட்டிநாட்டின் அழகியல் முழுவதும் நிலைத்தலின் அழகியல். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுவர்ப்பூச்சு, காலால் தேயத்தேய மெருகேறும் ஆத்தங்குடிக் கல். எதை வாங்கினாலும் பேரன் காலம் வரை வருமா என்று கேட்டுப் பழகியவர்கள் டயரிடமும் அதையே கேட்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு மலாயாவிலிருந்து வந்தது. இரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும், தோட்டங்களையே உடைமையாக்கிக்கொண்டும் நகரத்தார் ஈட்டியது அது. அத்தோட்டங்களில் விடியுமுன் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் பெரும்பாலும் நம் மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள். தேய்வதற்கென்றே பிறந்த ஒரு பொருளைக் கொண்டு தேயாத வீடுகளைக் கட்டியிருக்கிறோம். இரப்பரின் இயல்பு மட்டும் நமக்குப் பிடிபடவில்லை.

அந்த இயல்பு இதுதான். டயர் சாலையைப் பிடிப்பது தன்னை இழந்துதான். மென்மையான இரப்பர் சாலைக்கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் புகுந்து, விடுபடும்போது ஆற்றலை வெப்பமாக்கி விடுகிறது. அந்த இழப்பே பிடிமானம். கடினமான இரப்பர் மேடுகளின் மேல் மட்டுமே மிதந்து செல்லும். எனவே நெடுநாள் உழைக்கும், எனவே வழுக்கும். இரண்டையும் ஓரளவு சமன்செய்ய வழி இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து, ஈரத்தில் பிடிக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் ஒருசேர வகைசெய்தது. ஆயினும் முற்றாகத் தப்ப முடியாது. நன்றாகப் பிடிப்பதும் ஐம்பதாயிரம் ஓடுவதும் ஒரே டயரிடம் எளிதில் கிடைப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு. நனைந்த சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றும், கடினமான டயரின் கெழு 0.6 என்றும் கொள்வோம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்களும் ஒரே நொடியில் பிரேக் அடிக்கின்றன. முதற்கார் ஏறத்தாழ 49 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 66 மீட்டர் ஓடும். பதினேழு மீட்டர்தானே என்று தோன்றலாம். முதற்கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் கடக்கும் என்று போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில். அங்கே ஒரு குழந்தை நின்றால்?

குழந்தை நிற்கவில்லை, கீதாரி ஒருவர் நின்றார். சென்ற ஆண்டு ஐப்பசியில் மகளுடன் புதுக்கோட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திருமயம் கோட்டையைத் தாண்டியதும் தூறல். நெடுநாள் காய்ந்த சாலையில் விழும் முதல் தூறல் பெருமழையைவிடப் பொல்லாதது, தூசும் எண்ணெயும் குழைந்து சாலை சவர்க்காரமாகும். வேகம் எண்பதுக்குள்தான். சாலையின் குறுக்கே செம்மறிக் கூட்டம் இறங்கியது. பிரேக்கை முழுதாக மிதித்தேன். ஏ.பி.எஸ். பெடல் காலடியில் படபடத்தது, வண்டி நிற்கவில்லை. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. அதை நான் வகுப்பெடுக்கும் குரலில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கம்பை ஓங்கியபடி நின்றவர் பின்னால் பாய்ந்ததால் பிழைத்தார். அவர் நின்ற இடத்துக்கு ஒரு கார் நீளம் தள்ளித்தான் நின்றேன். ஓர் ஆட்டின் கால் முறிந்தது. கொடுத்த பணத்தை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மகள் காரைக்குடி வரும்வரை பேசவில்லை.

மறுநாள் டயர்களைப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் பூ இருந்தது. சட்டம் கேட்பது 1.6 தான். பக்கச்சுவரில் உற்பத்தி எண் 2816. அதாவது 2016ஆம் ஆண்டின் இருபத்தெட்டாம் வாரம். காரை நான் பழையதாக வாங்கியபோதே இருந்த டயர்கள் அவை. இன்னும் ஓடுகிறதே என்று பெருமை பேசிவந்தேன். காற்றும் வெயிலும் இரப்பரை உள்ளேயே இறுக்கிக் கட்டையாக்கிவிடும். நகத்தை அழுத்தினால் பதியாது. நம் சித்திரை வெயிலில் ஒன்பது ஆண்டு என்பது டயருக்குத் தொண்ணூறு வயது.

ஆகவே மாணவருக்கு நான் சொன்ன முதற்செய்தி, பூவைப் பார்க்குமுன் அந்த நான்கு இலக்கத்தைப் படி என்பது. கடையில் புதிது என்று எடுத்துத் தருவதிலும் படிக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் அடுக்கில் கிடந்ததை நான் வாங்கமாட்டேன். அடுத்து, பல டயர்களின் பக்கச்சுவரில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். ஐந்நூறு என்றால் நெடுநாள் உழைப்பு, முந்நூறை ஒட்டியிருந்தால் மென்மை. இதை அந்தந்த நிறுவனமே சோதித்து இடுவதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. 'ட்ராக்ஷன்' என்பதன் எதிரே ஏஏ அல்லது ஏ இருக்கிறதா என்று பார்க்கலாம், அது ஈரத் தரையில் பிரேக் அடித்துத் தரும் மதிப்பு. 2022 அக்டோபர் முதல் புதிய வடிவமைப்பு டயர்கள் ஈரப்பிடிமானத்தில் குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும் என்று நம் அரசும் விதித்திருக்கிறது. நல்லது. ஆனால் அது தேர்ச்சி மதிப்பெண். முதல் வகுப்பு எது என்று அது சொல்லாது.

மாணவருக்கு அசல் ஆசை வேறு. பதினேழு அங்குல அலாய் வீல், கறுப்பில் சிவப்புக் கோடு. அவர் காரின் அளவு 195/55 ஆர் 16. அதன் பக்கச்சுவர் உயரம் 107 மில்லிமீட்டர். அவர் விரும்பிய 205/45 ஆர் 17க்கு 92. மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பதினைந்து மில்லிமீட்டர் இரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் இரும்பை ஒத்த உலோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பந்தயத் தளத்தில் அது வளைவுகளில் கூர்மையைத் தரும். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமச் சாலையில், மழைநீர் மூடிய பள்ளத்தில், ரிம்மை வளைத்துவிடும். பிடிமானம் ரிம்மின் அங்குலத்தில் இல்லை, இரப்பரின் கலவையில் இருக்கிறது. அதே பதினாறு அங்குலத்திலேயே நல்ல டயரைப் போடு, மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு இருமுறை அலைன்மெண்ட் பார் என்றேன். முகம் வாடிவிட்டது. நெடுந்தொகையை மனப்பாடம் செய்யச் சொன்னபோதும் இதே முகம்தான்.

அளவு மாற்றுகிறவர்கள் மறப்பது ஸ்டெப்னியை. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், 1904இல் டேவிஸ் சகோதரர்கள் செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. இந்தியாவில் இன்றும் வழங்குகிறது. அந்த எண்ணம் நமக்கு அவர்கள் தந்ததன்று. உப்பு வணிகர் வண்டியின் அடியில் சேம அச்சு கட்டிச் செல்வதை ஔவையார் புறநானூற்று 102ஆம் பாட்டில் உவமையாக்கியிருக்கிறார். ஆனால் அந்த உமணர் வேறு அளவு அச்சையா கட்டியிருப்பர்? நான்கு சக்கரம் ஓர் அளவிலும் ஸ்டெப்னி வேறோர் அளவிலும் வைத்துக்கொண்டு, அதை மாட்டிய பின்னும் நூறில் ஓட்டுபவர்களை நான் அறிவேன்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் வரிசை, 2009இல் அப்போலோ வாங்கிய டச்சு நிறுவனமான வ்ரெடெஸ்டைனின் அல்ட்ராக் வரிசை. இவற்றில் உங்கள் அளவு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சின்னக் கார்களின் அளவில் எல்லாம் எப்போதும் கிடைப்பதில்லை என்பதுதான் துன்பம். பந்தயத் தளத்துக்கான மிகமென்மையான வகைகள் நமக்கு வேண்டா. அவற்றின் வாய்க்கால்கள் குறைவு, தேங்கிய நீரில் மிதக்கும். செம்மண்ணும் சரளையும் கிடக்கும் சாலையில் அவை பாழ். அவற்றுக்கான இடம் இருங்காட்டுக்கோட்டை. ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். உட்பட டயர் தொழில் இத்தனை வேரூன்றிய மாநிலத்தில், ஒரு டயரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதன் ஆயுள் மட்டும்தான் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எங்கள் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் இதை மறுத்தார். பிடிமானம் கூடினால் துணிச்சலும் கூடும், நல்ல டயர் கெட்ட ஓட்டுநரை உண்டாக்கும் என்பது அவர் வாதம். பாதி உண்மை. புது டயர் மாட்டிய முதல் வாரம், குன்றக்குடி வளைவில் நானே தேவைக்கு மேல் வேகம் வைத்தேன். ஆனால் திருமயத்தில் நான் வேகமாகச் செல்லவில்லை. வேகத்துக்காக வாங்கும் பிடிமானம் ஒன்று, ஆடு குறுக்கே வரும் நாளுக்காக வாங்குவது ஒன்று. கடையில் விலை இரண்டுக்கும் ஒன்றே. செலவு மிகுதி என்பதையும் மறுக்கமாட்டேன். முப்பதாயிரத்தில் மாற்ற வேண்டியிருக்கும், கல்லூரிச் சம்பளத்தில் அது உறைக்கும்.

டயர் மாற்றிய அன்று கடைக்காரர் என் பழைய டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார். "பூ நல்லா இருக்கு சார், நாலுக்கும் சேர்த்து ரெண்டாயிரம் தர்றேன்" என்றார். யாருக்கு விற்பீர்கள் என்று கேட்டேன். பழைய கார் வைத்திருப்பவர்கள், வாடகைக்கு ஓட்டுபவர்கள், கேட்டு வருவார்களாம். அளவு சரிவந்தால் எவரும் வாங்குவர், இன்னும் இருபதாயிரம் ஓடும் என்றார். கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் புரியாமல் நின்றார். பக்கச்சுவரை நான்கிலும் அறுத்துவிடச் சொன்னேன். கடைப்பையன் ஒருமுறை முதலாளியைப் பார்த்துவிட்டு அறுக்கத் தொடங்கினான். கட்டைபோல் இறுகியிருந்ததால் நெடுநேரம் ஆயிற்று.