உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

கருவுற்ற பெண் அசையலாகாது என்பர் ஒரு சாரார். அந்நாளில் அம்மி அரைத்தும் குடம் சுமந்தும் பிள்ளை பெறவில்லையா என்பர் மறு சாரார். மதுரை மாநகரில் முதற்குரலையும், சுற்றியுள்ள சிற்றூர்களில் இரண்டாம் குரலையும் நாம் மிகுதியும் கேட்கிறோம். இரண்டும் முழு உண்மையல்ல என்பதே நம் கருத்து.

மருத்துவத் தடையேதும் இல்லாத கருவுற்ற மகளிர், வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் மேற்கொள்ள வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு நெறி வகுத்தது. நாள்தோறும் அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவுறும். பேசிக்கொண்டே நடக்க இயன்றால் அது மிதம். மூச்சு வாங்கிப் பேச்சுத் தடைப்படின் அது மிகை. இவ்வியக்கம் அளவு மீறிய எடையேற்றத்தையும், கருக்கால நீரிழிவு தோன்றும் வாய்ப்பையும் குறைக்கிறது. ஆதலின் நகரத்துப் பெண்டிர் காலையிலோ மாலையிலோ வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது நன்று.

ஆயின், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுபவளுக்கும், விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்பவளுக்கும் இதையே கூறலாமா? பயிற்சியை வேண்டும்போது நிறுத்தலாம். கூலி வேலையை அவ்வாறு நிறுத்த இயலாது. அவளுக்கு வேண்டுவன நிழலும் நீரும் ஓய்வும் சுமைக் குறைப்புமே. 1987இல் தோன்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் நோக்கங்களுள் கூலி இழப்பை ஈடுசெய்தலும் ஒன்று என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இருவர்க்கும் பொதுவான காப்பு நெறிகளும் உள. உச்சி வெயிலில் உடலை வருத்தலாகாது. முதல் மூன்று திங்கள் கழிந்தபின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி ஆகாது; கருப்பையின் பாரம் பெருங்குருதிக் குழாயை அழுத்தும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்போரும், குருதியழுத்தம் மிக்கோரும் மருத்துவரைக் கேளாமல் பயிற்சி தொடங்கலாகாது. குருதிப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல் இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நிறுத்தி மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

நம் இல்லங்களில் இவற்றை முடிவு செய்வோர் பெரும்பாலும் பெரியோரே. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, மகளோ மருமகளோ அன்றாடம் செய்யும் வேலை முழுவதையும் அவர்கள் எடுத்துரைக்க வேண்டும். அவள் இன்னும் நடக்க வேண்டுமா, சற்றே அமர வேண்டுமா என்பது அதன் பின்னரே தெளிவாகும்.