பச்சை இலை போட்டிருந்தால் போதுமா?

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "ஐயா, கடையில் ஒரே மாதிரி இரண்டு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. ஒன்றில் பச்சை இலைப் படம் போட்டு 'மெஸ்ரா ஆலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூட. பூமிக்கு நல்லது என்று அதையே வாங்குகிறேன். சரிதானா?"

அம்மா, உங்களைப் போன்றவர்களின் நல்ல மனத்தைக் கணக்கில் வைத்துத்தான் அந்த இலையையே அச்சடிக்கிறார்கள். ஒரு கையில் கூடை, மறு கையில் பிள்ளை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க யாருக்கு நேரம்? கண் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறது. பச்சை என்றால் செடி, கொடி, சுத்தம் என்று மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் வெறும் இலைப் படம் போடுவதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. ஓவியரும் மையும் இருந்தால் போதும்!

டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அம்புகள் சுற்றிவரும் முக்கோணமும், அதனுள் 1 முதல் 7 வரை ஓர் எண்ணும் இருக்கும். அம்பைக் கண்டதும், இது மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று பலரும் நம்புகிறோம். அப்படியல்ல. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த இந்த எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1 என்றால் தண்ணீர்ப் போத்தல். 2 என்றால் சவர்க்காரப் போத்தல் வகை. 5 ஓரளவு சூடு தாங்கும். 6 என்பது பொலிஸ்டிரின்; வெள்ளை நுரைப்பெட்டி அந்த இனம்தான். 1, 2 ஆகியவற்றைப் பழைய சாமான்காரர் வாங்குவார். குழம்பு ஒட்டிய 6ஐச் சீந்த ஆளில்லை. அம்பு மக்களைக் குழப்புகிறது என்றுதான் 2013இல் அதை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். பழைய அச்சுகளில் வார்த்த டப்பாக்கள் இன்றும் வந்துகொண்டேயிருக்கின்றன.

அந்த அம்பை நம்பி மேல்நாட்டு மக்கள் கழுவித் துடைத்துத் தனித் தொட்டியில் போட்டதில் ஒரு பங்கு எங்கே வந்தது தெரியுமா? நம் நாட்டுக்குத்தான். 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா கதவடைத்ததும் கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின. பினாங்குத் துறைமுகத்திலும் கொள்கலன்கள் தேங்கி நின்றன. 2020 ஜனவரியில், 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியாயிற்று என்று அரசாங்கம் அறிவித்தது. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. படித்தவர்கள் நிறைந்த நாடுகள்தாம்!

இன்னொரு ஏமாற்றுச் சொல் 'டிகிரேடபல்'. சில பைகளில் பிளாஸ்டிக்கோடு ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெயிலில் நொறுங்கும்படி செய்கிறார்கள். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. பை கண்ணுக்கு மறைந்தாலும் அதன் துணுக்குகள் மண்ணிலும் வாய்க்காலிலும் கிடக்கின்றன. இந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடை செய்துவிட்டது.

நம்பத்தக்க முத்திரையே இல்லையா என்றால், உண்டு. சிரிம் நிறுவனம் சோதித்துத் தரும் சுற்றுச்சூழல் முத்திரை ஒன்று. அரசாங்கத்தின் 'மைஹிஜாவ்' முத்திரை மற்றொன்று. எந்த முத்திரையானாலும், கொடுத்தவர் யார் என்று பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத இலைக்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம் என்பதே என் கருத்து.

முத்திரை உண்மையாயிருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. உரமாக மக்கும் என்று சான்று பெற்ற டப்பாக்களில் பல, 58 டிகிரி அளவு சூடு வாரக்கணக்கில் நீடிக்கும் உரத் தொழிற்சாலையில்தான் ஒழுங்காக மக்கும். லயத்துக்குப் பின்னால் வாழை மரத்தடியில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? குப்பை லாரி எட்டிப் பார்க்காத தோட்டங்களில் எல்லாமே கடைசியில் நெருப்புக்குத்தான் போகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள்.

பினாங்கில் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்றார்கள். 2011 முதல் எல்லா நாளும் இல்லை. வேண்டுமானால் அப்போது 20 காசு. அதன் பிறகுதான் பலரும் வீட்டிலிருந்து பை கொண்டுபோகத் தொடங்கினோம். அங்கே எந்த இலைப் படமும் வேலை செய்யவில்லை, 20 காசுதான் செய்தது. டப்பாவுக்கும் இதே வழியைப் பார்க்கலாம். பால்வெட்டுக்கும் செம்பனை வேலைக்கும் தூக்குச்சட்டி கொண்டுபோனவர்கள் நாம். மீ கோரெங் வாங்கவும் அதையே நீட்டினால் கடைக்காரர் கோபிக்கமாட்டார். அவருக்கு ஒரு டப்பா மிச்சம்.

டப்பா வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், சூடான குழம்புக்கு 6 வேண்டாம், 5ஐப் பாருங்கள். பொய் வாசகம் என்று சந்தேகம் வந்தால் உறையையும் ரசீதையும் எறியாமல் வையுங்கள். பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கடையின் பெயர், வாங்கிய தேதி, டப்பாவின் அடியிலுள்ள எண் ஆகியவற்றைக் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.