யானை வாங்குவதும் தீனி போடுவதும்

யானையை விலைக்கு வாங்குவது ஒரு நாட் செலவு; அதற்குத் தீனி போடுவதோ ஆயுட்காலச் செலவு. இவ்வுண்மை மோட்டார்க் கார்களுக்கும் நன்கு பொருந்தும். சிறப்பாக, பிரித்தானியாவின் சொகுசுக் கார்களைப் படத்திலே கண்டு வியந்து நிற்கும் இளைஞர்கள் இதனை ஒரு கணம் சிந்தித்தல் வேண்டும்.

ஒப்பிடுவதற்கு மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த றோல்ஸ் றோய்ஸ் சில்வர் கிளவுட் ஒன்று. 1958 இல் வந்த றோவர் 3 லீற்றர் மற்றொன்று. 1959 இல் வந்த ஜகுவார் மார்க் 2 மூன்றாவது. 1960 ஆம் ஆண்டளவில் இம்மூன்றும் ஒருசேர விற்பனையில் இருந்தன. றோல்ஸ் றோய்ஸின் விலை வரியுடன் 5,000 பவுணுக்கும் மேல். மற்றை இரண்டும் 2,000 பவுணுக்குக் குறைந்தவை.

தோற்றம்

சில்வர் கிளவுட்டின் முன்முகம் கிரேக்க ஆலயம் ஒன்றின் முகப்பைப் போன்றது. நேர்க்கோடுகளாகத் தோன்றும் அதன் விளிம்புகள் உண்மையில் சற்றே வளைந்தவை. முற்றிலும் நேராக அமைத்தால் கண்ணுக்குக் குழிந்தது போலத் தோன்றும் என்பதனால், பண்டைக் கிரேக்கச் சிற்பிகள் தூண்களுக்குச் செய்த உபாயத்தையே இங்கும் கையாண்டனர். உச்சியில் நிற்கும் சிறகு விரித்த பாவை, சார்ள்ஸ் சைக்ஸ் என்னும் சிற்பி 1911 இல் வடித்தது.

ஜகுவாரின் அழகு வேறு வகைப்பட்டது. அக்கொம்பனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சேர் வில்லியம் லயன்ஸ் வரைபடத்தை மாத்திரம் நம்பியவரல்லர். முழு அளவிலான மாதிரி உருவைச் செய்வித்து, அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, கண் நிறையும் வரை திருத்துவது அவர் வழக்கம். ஓடாமல் நிற்கும்போதும் பாயத் துடிப்பது போன்ற தோற்றம் மார்க் 2 இற்கு வாய்த்தது இதனாலேயே எனலாம்.

றோவரோ எவரையும் திரும்பிப் பார்க்க வைக்க முயலவில்லை. அடக்கமும் கம்பீரமுமே அதன் அணிகலன்கள். அதனாற்றான் போலும், பிரதம மந்திரிகள் அதனை விரும்பினர். 1967 இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட இக்காரின் உற்பத்தி 1973 இல் நின்றுபோன பின்னரும் அரசாங்கம் அதனைச் சேவையில் வைத்திருந்தது. 1979 இல் மார்கரெட் தட்சர் பிரதமராக டவுனிங் வீதிக்கு வந்திறங்கியதும் அத்தகைய றோவரிலேயே. எலிசபெத் மகாராணியாரும் அவ்வகைக் கார் ஒன்றைத் தாமே ஓட்டி மகிழ்ந்தார்.

உள்ளமைப்பு

மூன்றினுள்ளும் தோலாசனங்களும் மெருகிட்ட மரமும் உண்டு. ஆயினும் எவருக்காக அவை அமைக்கப்பட்டன என்பதிலேதான் வேறுபாடு. றோல்ஸ் றோய்ஸ் பின்னாசனத்தில் அமர்பவருக்கானது. ஓசையின்மையே அதன் பெருஞ் செல்வம். மணிக்கு 60 மைல் வேகத்திலும் உள்ளிருப்பவர் காதில் விழும் பெரிய ஓசை மின்சாரக் கடிகாரத்தின் ஓசையே என்று 1958 இல் வெளியான விளம்பரம் ஒன்று பெருமை பேசிற்று.

ஜகுவார், தானே ஓட்டிச் செல்பவருக்கானது. வேகமானியும் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானியும் சாரதியின் கண் முன்னே இருக்க, ஏனைய மானிகளும் வரிசையான விசைகளும் நடுவிலே விமானியின் அறையை நினைவூட்டுவனவாய் அமைந்தன. நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக் உண்டு. சில்வர் கிளவுட்டுக்குக்கூட அது வாய்க்கவில்லை.

றோவர் நடுவழியில் நிற்பது. அதன் முகப்புப் பலகையின் கீழ் இழுப்பறை ஒன்றிலே கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சொகுசுக் காரும் ஒருநாள் வழியில் நிற்கக்கூடும் என்பதை மறவாத குடும்பத் தலைவரின் முன்யோசனை இது.

ஓட்டுஞ் செலவு

இனிக் கணக்குக்கு வருவோம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கலன் பெற்றோலுக்கு றோல்ஸ் றோய்ஸ் சுமார் 14 மைலும், 3.8 லீற்றர் ஜகுவார் சுமார் 16 மைலும், றோவர் சுமார் 20 மைலும் ஓடும் எனக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு 10,000 மைல் ஓடினால் முறையே 714, 625, 500 கலன் வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒரு கலன் ஏறத்தாழ 5 சிலிங். எனவே றோல்ஸ் றோய்ஸுக்கும் ஜகுவாருக்கும் இடையே ஆண்டுக்கு வரும் பெற்றோல் வித்தியாசம் சுமார் 22 பவுண் மாத்திரமே! விலையிலோ 3,000 பவுணுக்கு மேற்பட்ட வித்தியாசம்.

அப்படியாயின் யானைத் தீனி எங்கே இருக்கிறது? பராமரிப்பிலே இருக்கிறது. 1959 இல் சில்வர் கிளவுட்டுக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வந்தபோது, ஒரு பக்கத்து ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்கே முன்சில்லைக் கழற்ற வேண்டியிருந்தது. பிளக்கின் விலை சிறிது. அதனை எட்டிப் பிடிக்கும் கூலி பெரிது. ஜகுவாரிலோ தனியான அடிச்சட்டம் இல்லை. உடலே பாரம் முழுவதையும் தாங்குகிறது. குளிர்காலத்தில் பனியை உருக்கத் தெருவிலே தூவும் உப்பு அவ்வுடலை அரித்துவிட்டால், தகரம் மட்டுமன்று, காரின் முதுகெலும்பே துருப்பிடித்ததாகும். தனி அடிச்சட்டத்தின் மீது உடல் ஏற்றப்பட்ட சில்வர் கிளவுட்டுக்கு இவ்விடர் அத்துணைப் பெரிதன்று. குறைந்த விலைக்குக் கிடைத்த அழகு, பின்னாளில் தன் கடனை வட்டியுடன் கேட்டது என்றே சொல்ல வேண்டும்.

உற்பத்திச் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி ஜகுவார் கொம்பனியையும் விடவில்லை. 1966 இல் மார்க் 2 இன் தோலாசனங்களுக்குப் பதிலாகச் செயற்கை உறையே வழக்கமான பொருளாயிற்று. 1973 இல் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, பெருங்கார்களை வாங்க நினைத்தவர்கள் தயங்கலாயினர். பழைய ஜகுவார்கள் மிக மலிந்தன. மலிந்தன என்று வாங்கியவர்களிற் பலர் திண்டாடினர். ஏனெனில், காரின் விலை வயதோடு குறையும். அதன் உதிரிப்பாகத்தின் விலையும் தொழிலாளியின் கூலியும் குறைவதில்லை. அரை விலைக்கு வாங்கிய காருக்கு அரை விலையில் பிறேக் கிடைக்குமா?

இன்று றோவர் கார் உற்பத்தி இல்லை. 2005 இல் அது முடிந்தது. ஜகுவார் 2008 முதல் இந்தியாவின் டாட்டா கொம்பனிக்கு உரியது. றோல்ஸ் றோய்ஸ் கார்களை 2003 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கொம்பனி உற்பத்தி செய்கிறது. கைகள் மாறினும் கணக்கு மாறவில்லை.

ஆகவே, காராயினும் வீடாயினும் வேறெப்பொருளாயினும், வாங்குமுன் மூன்று வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். இதனைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? ஆண்டுதோறும் இது கேட்கும் செலவு எவ்வளவு? பழுதுற்றால் திருத்துபவர் எங்கே இருக்கிறார்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால், அழகை விரும்புவதில் தவறேதும் இல்லை. விடை இல்லையேல், அவ்வழகைத் தெருவோரத்தில் நின்று கண்டு களிப்பதே அறிவுடைமை. பார்ப்பதற்கு எவரும் வரி கேட்பதில்லை.