உய்சோங் தாலுகாவின் ஜனத்தொகையும் வயதும்

ஜனக்கணக்கு எடுக்குமிடங்களில் தலை எண்ணிக்கைக்குக் கிடைக்கும் கவனம் வயதுக்குக் கிடைப்பது அரிது. இதனால் நேரும் தீங்கைத் தென் கொரியாவின் வட கியொங்சாங் மாகாணத்திலுள்ள உய்சோங் என்னும் 'குன்' தெளிவாகக் காட்டுகின்றது. குன் என்பது அந்நாட்டில் நாட்டுப்புறத் தாலுகாவுக்கு வழங்கும் பெயர். உய்சோங் சுமார் 450 சதுர மைல் விஸ்தீரணமுள்ளது. ஒரு சிறு பட்டணமும் 17 கிராம வட்டங்களும் அதில் அடங்கும். நெல்லும் ஆப்பிளும் அங்கு விளைந்தபோதிலும், அதன் பெயரைத் தேசமெங்கும் பரப்பியது வெள்ளைப்பூண்டேயாகும்.

1960-களின் மத்தியில் 2 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த அத்தாலுகாவின் ஜனத்தொகை இப்பொழுது சுமார் 50 ஆயிரமாகச் சுருங்கியிருக்கின்றது. இக்குறைவு ஒன்றையே கேடென்று கருதுவது சரியன்று. 1949-ல் இயற்றப்பட்டு 1950-ல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 7 ஏக்கருக்கு மேல் சாகுபடி நிலம் இருத்தலாகாது என்ற வரம்பு அக்காலத்தில் இருந்தது. இவ்வளவு நிலத்தைக்கொண்டு நான்கைந்து புத்திரர்களும் பிழைத்தல் இயலாது. ஆதலின் சிலர் டேகு, சியோல் முதலிய நகரங்களின் ஆலைகளுக்குச் சென்றது ஊரில் தங்கியவர்களுக்கும் அனுகூலமாகவே இருந்தது.

தீங்கு விளைந்தது, சென்றவர்கள் யார் என்பதனால். வாலிபர் போயினர், பெற்றோர் தங்கினர். இன்று அங்குள்ள பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். வருஷந்தோறும் பிறப்பைவிட இறப்பு பல மடங்கு அதிகம். இனி ஒருவரும் ஊரைவிட்டு நீங்காவிட்டாலும் ஜனத்தொகை குறைந்துகொண்டே போகும் என்பது இதனால் வெளிப்படை.

நெற்சாகுபடியில் இதன் கஷ்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. உழவு முதல் அறுவடை வரை ஏறக்குறைய எல்லா வேலைகளையும் யந்திரங்கள் செய்துவிடுகின்றன. பூண்டின் சங்கதி வேறு. இலையுதிர் காலத்தில் பூண்டைப் பல் பலாக உடைத்து ஊன்றுவதும், அடுத்த ஜூன் மாதத்தில் பிடுங்கி உலர்த்துவதும் பெரும்பாலும் குனிந்து செய்யும் கைவேலையே. எழுபது வயதைக் கடந்தவர்களும் இவ்வேலையில் ஈடுபட்டிருக்கின்றனர். 2015-ல் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கிய திட்டத்தின் கீழ், வியட்நாம் முதலிய தேசங்களிலிருந்து பருவ வேலைக்கு ஆட்களை வருவித்துக்கொள்ளாமல் அந்நாட்டுத் தோட்டப் பயிர்கள் பல இப்பொழுது ஒப்பேறா.

வயல் வேலைக்கு மாத்திரமன்று, ஆபத்துக் காலத்திலும் இளைஞர் வேண்டும். 2025 மார்ச்சில் உய்சோங்கில் பற்றிய காட்டுத்தீ அண்டைத் தாலுகாக்களையும் கடந்து கீழ்க்கடற்கரை வரை பரவிற்று. அதில் மாண்டவர்களில் மிகப் பலர் விரைந்து ஓட இயலாத வயோதிகர்கள்.

பரிகாரமாகப் பல தாலுகாக்கள் குழந்தை பெறுவோருக்கு ரொக்கம் வழங்கிப் பார்த்தன. தென் ஜொல்லா மாகாணத்து ஹேனம் தாலுகா இவ்வழியில் 2012 முதல் 2018 வரை பிறப்பு விகிதத்தில் தேசத்திலேயே முதலிடம் வகித்தது. பணம் பெற்ற குடும்பங்களில் அநேகம் பின்னர் ஊரைவிட்டு வெளியேறின. ஜீவனத்துக்கு வழி காட்டாமல் தொட்டிலுக்குப் பணம் அளித்தால் வேறென்ன நேரும்? உய்சோங்கின் ஆங்க்யே வட்டத்தில் 2019 முதல் இளைஞரைக் குடியேற்றி, வீடும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் முயற்சி இதனினும் மேலானதே. ஆயினும் பயிற்சி பெற்றவனுக்கு நிலம் எங்கே?

நிலம் கிழவர்களிடம் இருக்கின்றது. சர்க்காரின் நேரடி உதவித்தொகை சாகுபடி செய்பவருக்கே கிடைப்பதால், தள்ளாதவரும் சாகுபடியை விடத் துணிவதில்லை. அவர் காலமான பின்பு நிலம் நகரத்திலுள்ள வாரிசுகளுக்குத் துண்டு துண்டாகப் போகின்றது. பயிரிடாத வாரிசும் சுமார் 2½ ஏக்கர் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. சொந்தக்காரர் எங்கோ இருக்க, தரிசாய்க் கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது பெருந்தொல்லை.

ஆகவே உய்சோங்கின் அதிகாரிகள் முதலில் செய்யத்தக்கது, நிலக்கணக்கில் ஒவ்வொரு வயலுக்கும் எதிரே பயிரிடுபவரின் வயதையும் வாரிசு இருக்கும் ஊரையும் குறித்தலேயாகும். அந்நாட்டில் முதியோரின் நிலத்தைப் பெற்று இளைஞருக்குக் குத்தகைக்கு விடும் நிலபாங்கு முன்னரே உள்ளது. அத்தகைய கணக்கு கையிலிருந்தால், எந்தக் கிழவரிடம் இவ்வருஷமே போய்ப் பேசவேண்டும் என்பது பாங்குக்கு விளங்கும். தம் வயலின் வாய்க்கால் எது, மடை எது என்று புதியவனுக்குக் காட்ட அவருக்கு இன்னும் கால் வலுவிருக்கும்போதே குத்தகைச் சீட்டும் எழுதிவிடலாம்.