காபிப் பொடி தருவேன், பாஸ்வேர்ட் தரமாட்டேன்

தேனாம்பேட்டையில் எங்கள் ஃபிளாட்டுக்கு இணையம் பொருத்த வந்த பையன், என் செல்போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டான். "ஞாபகம் வெச்சுக்க ஈஸி சார்!" எனக்கு மட்டுமா ஈஸி? அசோசியேஷன் செயலாளர் என்று என் எண் லிஃப்ட் பக்கத்துப் பலகையிலேயே தொங்குகிறதே!

2008 ஜூலை 26 ஆமதாபாத் குண்டுவெடிப்பு நினைவிருக்கிறதா? அன்று வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் துருவிய போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணை என்னவோ அவருக்குத்தான்.

ஆகவே, பேரன் லீவுக்கு வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கட்சி. பூட்டு இரண்டு: ஒன்று வைஃபை பாஸ்வேர்ட், மற்றது ரௌட்டர் செட்டிங்குக்குள் நுழையும் பாஸ்வேர்ட். பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. அங்கே டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதிர் வீட்டு நண்பர், "கெஸ்ட் வைஃபையாவது கொடுங்களேன்" என்றார். அது நம் கம்ப்யூட்டரைக் காக்கும், சரி. ஆனால் அதில் யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது என் இணைப்புதானே? மறுத்துவிட்டேன். இரண்டு நாளாக வாக்கிங்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்.