கலாத்தியா விரிகுடா: அனுமதிக்குப் பின் ஆய்வா?

கிரேட் நிகோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில் மாபெரும் சரக்குப்பெட்டகத் துறைமுகம் கட்டப்பட்டாலும் அங்குள்ள கடல்வளம் காக்கப்படும் என்று ஒன்றிய அரசு வாக்களிக்கிறது. பவளங்கள் இடம் மாற்றப்படுமாம், ஆமைகள் கண்காணிக்கப்படுமாம், விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆய்வு செய்வார்களாம். அழிவுக்கு அறிவியலின் பெயரால் முத்திரை குத்தும் இம்முயற்சியை நாம் அம்பலப்படுத்தியாக வேண்டும்.

தேதிகளே சாட்சி. வட இந்தியப் பெருங்கடலில் ஏழுவரி ஆமை முட்டையிடும் முதன்மையான கரைகளுள் ஒன்று இந்த விரிகுடா. அதற்காகவே 1997இல் இது சரணாலயமாக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அந்தத் தகுதி பறிக்கப்பட்டது. அதே மாதத்தில் அதே அரசு வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல்திட்டமோ, இதனைக் காக்கப்பட வேண்டிய கரை என்றது! 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு திட்டத்திற்குக் கையளிக்கப்படுகிறது.

2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் யார்? அனுமதி வழங்கிய அமைச்சகத்தின் செயலாளர். திட்டத்தை வகுத்த நிதி ஆயோக்கின் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே கணக்கிடப்பட்ட 20,668 பவளக் கூட்டங்களில் 16,150ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதே அரசின் திட்டம். பவளத்தைப் பெயர்க்கலாம், நீரோட்டமும் மீனும் நண்டும் பாசியும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உருவாக்கிய பவளத்திட்டைப் பெயர்க்க முடியுமா? ஆமைக் குஞ்சுகள் இரவில் கடற்பரப்பின் ஒளியை நோக்கியே நகர்பவை. துறைமுக விளக்குகள் அவற்றை எத்திசைக்கு இழுக்கும்? 2004 ஆழிப்பேரலையில் சிதைந்த இந்தக் கரை காலப்போக்கில் மீண்டெழுந்தது. ஆமைகளும் திரும்பி வந்தன. அலைத்தடுப்புச் சுவரும் தூர்வாரும் எந்திரங்களும் நிலைகொண்ட கரைக்கு அத்தகைய மீட்சி இல்லை.

இது ஆமைக்கும் பவளத்துக்குமான பிரச்சனை மட்டுமன்று. இத்தீவு ஷோம்பென், நிகோபாரி மக்களின் தாயகம். ஆழிப்பேரலைக்குப்பின் முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்ட நிகோபாரி மக்கள் தம் பூர்வீகக் கிராமங்களுக்குத் திரும்பவே கோரி வருகின்றனர். அந்த நிலங்களும் திட்டப்பரப்பில் அடங்கியிருப்பதை அறிந்ததும், தான் அளித்திருந்த தடையின்மைச் சான்றைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அந்தக் கடலை யாரினும் நன்கறிந்த அம்மக்களின் அறிவு எந்த ஆய்வுக் கோப்பிலும் எடைபெறவில்லை.

ஆய்வு முந்த வேண்டும். முடிவு அதன் வழி வர வேண்டும். முடிவு முந்திவிட்டால் ஆய்வு ஏவல் வேலையாகிவிடும். மறு ஆய்வுக் குழுவின் முழு அறிக்கையையும் வெளியிடு! சரணாலயத்தை மீட்டளி! வன உரிமைச் சட்டப்படி மக்களின் ஒப்புதலைப் பெறாமல் ஒரு மரத்தையும் வெட்டாதே! தோழர்கள் இம்முழக்கங்களைக் கிளைதோறும், கடலோரக் கிராமந்தோறும் கொண்டு செல்ல வேண்டும். இன்று கலாத்தியாவில் செல்லுபடியாகும் சூது நாளை நம் கரைகளிலும் செல்லுபடியாகும்.