இரண்டு இடம், ஒரே திட்டம்

இங்கிலாந்தின் சில தொடக்கப்பள்ளிகளில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மீதி இரண்டு நாளும் பெற்றோர் வீட்டிலேயே கற்பிக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, சீருடை உண்டு, விளையாட்டு விழாவிலும் பங்கு உண்டு. ஃபிளெக்ஸி ஸ்கூலிங் என்று அங்கே அழைக்கப்படும் இந்த ஏற்பாடுதான் இந்த இதழின் மையப்பொருள். ஒரு குழந்தையின் வாரம் இப்படி இரண்டாகப் பிரியும்போது அதன் கற்றலை முழுதாகப் பார்ப்பவர் யார் என்பதே தொடக்கக் கல்வியாளர்களாகிய நம் கேள்வி. அந்தப் பார்வை வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும், அதற்கான நேரத்தையும் அதிகாரத்தையும் தலைமையாசிரியர் அவருக்குத் தர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பிள்ளைக்கு முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோரிடம் வைக்கிறது. பள்ளிக்கு அனுப்பியும் அதை நிறைவேற்றலாம், வேறு வழியிலும் நிறைவேற்றலாம். இரண்டையும் கலந்து நடத்தலாம் என்ற எண்ணத்தைக் கல்வியாளர் ரோலண்ட் மீகன் 1988-இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆனாலும் பெற்றோருக்கு இது உரிமையாகக் கிடைக்கவில்லை. ரிசப்ஷன் எனப்படும் பள்ளியின் தொடக்க வகுப்பில் சேரும் நான்கு வயதுக் குழந்தை கட்டாயக் கல்வி வயதை எட்டும்வரை பகுதிநேரமாக வரலாம். அதைப் பெற்றோர் உரிமையோடு கேட்கலாம். ஐந்து வயது நிறைந்து அடுத்த பருவம் தொடங்கியதும் முடிவு தலைமையாசிரியர் கைக்குப் போய்விடுகிறது. அவர் மறுத்தால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் வழி இல்லை. ஆகவே இந்த ஏற்பாட்டின் தரம் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

முதல் சிக்கல் வருகைப்பதிவேட்டிலேயே தொடங்குகிறது. ஆண்டுக்கு 190 பள்ளி நாள், நாளுக்கு முற்பகல், பிற்பகல் என இரண்டு அமர்வு, மொத்தம் 380. இதில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராத குழந்தையை 'தொடர்ந்து வராதவர்' என்றும், பாதியோ அதற்கு மேலோ வராத குழந்தையை 'கடுமையாக வராதவர்' என்றும் அரசு கணக்கிடுகிறது. வீட்டில் கற்கும் நாள்கள் அனுமதிக்கப்பட்ட விடுப்பாகப் பதிவாகின்றன. அனுமதித்த விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டில் கற்கும் குழந்தையின் விடுப்பு 40 விழுக்காடு. அது மூன்று நாளானால் 60. நன்றாகப் படிக்கும் குழந்தையும் ஏட்டில் பள்ளிக்கு வராத பிள்ளையாகத் தெரிகிறது. இந்த எண்ணுக்கு அஞ்சியே கோரிக்கையை மறுக்கும் தலைமையாசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. குழந்தைக்கு நன்மை தரும் ஏற்பாட்டைப் பள்ளியின் பெயருக்குக் களங்கமாக்கும் கணக்குமுறைதான் திருத்தப்பட வேண்டும். வீட்டு நாளில் நடந்த கற்றலுக்குப் பதிவேட்டில் தனி இடம் வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கவலை தருவது. ஒரு குழந்தையைச் சமாளிக்க முடியாத பள்ளி, மதியத்தோடு அழைத்துப்போங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறது. அது குறைநேர அட்டவணை. ஃபிளெக்ஸி ஸ்கூலிங் ஆகாது. அத்தகைய அட்டவணை மிக அரிதாக, முடிவுத் தேதியோடு, குழந்தையின் தேவைக்காக மட்டுமே இருக்கலாம். நடத்தையைக் கட்டுப்படுத்தும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அரசின் வழிகாட்டுதல். 2024 ஆகஸ்டிலிருந்து பதிவேட்டில் அதற்குத் தனிக் குறியீடும் உண்டு. ஆனால் அரைநாள் பள்ளி வேண்டும் என்று முதலில் கேட்டது யார் என்பதைக் குறியீடு சொல்லாது. குழந்தையை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் விருப்பமோ வசதியோ இல்லாத ஒரு தாயிடம் பள்ளியே இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தால், அது நாகரிகமான பெயரில் நடக்கும் வெளியேற்றம். அதை அப்படியே அழைக்கும் துணிவு நம் தொழிலுக்கு வேண்டும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். தொடக்க வகுப்பில் எல்லாப் பாடமும் ஒரே வகையில் நகர்வதில்லை. எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் அன்றாடம் நடக்கும் பாடம். இன்று கற்ற ஒலியின் மேல்தான் நாளைய ஒலி அமர்கிறது. செவ்வாயும் வியாழனும் வராத குழந்தை வாரத்தில் ஐந்து படிகளில் இரண்டைத் தவறவிடுகிறது. முதலாம் ஆண்டு முடிவில் 40 சொற்களைப் படித்துக்காட்டும் தேர்வில் இந்தக் குறை வெளிப்படும். நான்காம் ஆண்டில் பெருக்கல் வாய்ப்பாட்டுத் தேர்வு: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி. தினப்பயிற்சி இல்லாமல் அந்த வேகம் வராது. எனவே இந்த இரண்டும் பள்ளியில் நடக்கும் அதே வரிசையில் வீட்டு நாளிலும் தொடர வேண்டும். அந்த வாரத்து ஒலிகளும் கணக்குகளும் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வரலாறு, அறிவியல், ஓவியம் போன்றவை அலகு அலகாக நகர்பவை. அவற்றில் ஒரு பகுதியை வீட்டிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். ஆற்றங்கரை நடை, அருங்காட்சியகம், தோட்டவேலை, குடும்பத்தின் தாய்மொழியில் எழுத்தும் வாசிப்பும் என வீடுதான் தாராளமாக நேரம் தரக்கூடிய துறைகள் பல உண்டு. வீட்டு நாளில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கட்டாயமும் இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பள்ளிப் பயிற்சித்தாள்களால் நிரப்புவது வீண்.

நாள்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வாரந்தோறும் மாறும் நாள்கள் குழந்தையையும் ஆசிரியரையும் அலைக்கழிக்கும். வகுப்பில் குழுவேலை எந்த நாள்களில் தொடங்கி முடிகிறது, நட்பு எந்த இடைவேளைகளில் வளர்கிறது என்பதை வகுப்பாசிரியர் அறிவார். நாள்களை முடிவு செய்யும் பேச்சில் அவர் கட்டாயம் இருக்க வேண்டும். தலைமையாசிரியரும் பெற்றோரும் அறைக்குள் முடித்துவிட்டுப் பிறகு அவருக்குச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எந்தெந்த நாள், எந்தப் பாடம் யாருடையது, வீட்டில் நடந்ததை எப்படித் தெரிவிப்பது, வீட்டு நாளில் குழந்தையின் பாதுகாப்பு பெற்றோர் பொறுப்பு என்பது, தேர்வு நாள்களில் வருகை, பருவத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, இரு தரப்பும் விலகுவதற்கான வழி. இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். மறுபரிசீலனையில் குழந்தையிடமும் கேட்க வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்கு எந்த நாள் பிடிக்கிறது, எந்த நாள் தனிமையாக இருக்கிறது என்று சொல்லத் தெரியும்.

சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இதில் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் மலைப்பகுதியில் ஹாலின்ஸ்கிளஃப் தொடக்கப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. இந்த ஏற்பாட்டைத் திறந்துவிட்டபின் அது பல மடங்கு பெருகியது. பதிவேட்டில் உள்ள தலைகளை எண்ணி நிதி வரும் நாட்டில் இது பெரிய ஈர்ப்பு. அந்த ஈர்ப்பைத் தவறென்று நாங்கள் சொல்லவில்லை; ஊரில் பள்ளி நிலைப்பதும் குழந்தைகளின் நலன்தான். ஆனால் முழுக் குழந்தைக்கான நிதியைப் பெறும் பள்ளி, வகுப்புக்கு வராத இரண்டு நாளுக்கும் சேர்த்தே சிந்திக்கக் கடமைப்பட்டது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி, பெற்றோரோடு அமர்ந்து திட்டமிடும் ஆசிரியரின் நேரத்துக்குச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை பள்ளிச் சேர்க்கையையும் வருகையையும் அரசின் கடமையாக்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலைநாளும் 800 கற்பித்தல் மணிநேரமும் வகுத்தது. பள்ளி வாசலை மிதிக்காத தலைமுறைகளைக் கண்ட சமூகத்தில் முழுவருகையை வலியுறுத்துவது நியாயம். அதைத் தளர்த்த நாங்கள் வாதாடவில்லை. இருந்தும் நீண்ட நோயிலிருந்து மீளும் குழந்தையும், வகுப்பின் இரைச்சலில் சோர்ந்துவிடும் ஆட்டிசக் குழந்தையும் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நாள்களில் பெயருக்கு நேரே விடுப்பு எழுதுவதோடு நம் வேலை முடிவதில்லை. அன்று என்ன கற்றார்கள் என்று கேட்பதும், நாளைக்கு எங்கே தொடர்வது என்று வீட்டுக்குச் சொல்வதும் ஆசிரியப் பணியின் பகுதிகளே. இங்கிலாந்திலும் இதை நன்றாகச் செய்யும் பள்ளியில்தான் பகுதிநேரம் என்ற ஏற்பாடு பிழைக்கும். செய்ய மனமோ ஆளோ இல்லாத பள்ளி கோரிக்கை வரும்போது தெளிவாக மறுத்துவிடட்டும். அரைகுறையாக ஏற்பதைவிடக் குழந்தைக்கு அது நல்லது.